ஒன்பது சில்லுக்கு ஒன்பது பொட்டு

போன வாரம் என் லேப்டாப் படுத்துவிட்டது. பட்டனை அழுத்தினால் மூன்று முறை கத்துகிறது... அப்புறம் கப்சிப். கறுத்த திரையில் என் முகம்தான் தெரிகிறது. இந்த வயதில் அதைக் காலையிலேயே பார்ப்பது உடம்புக்கு நல்லதில்லை.

இந்தப் பத்தியை அனுப்ப வேண்டிய நாள் வேறு நெருங்குகிறது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ராவாங்கில் ஒரு கணினிக் கடைக்கு ஓடினேன். பழுது பார்க்கிற மேசையில் கண்ணாடி போட்ட ஒரு நம்ம தமிழ்ப் பெண்.

“மெமரிதான் பிரச்சன, ஆன்ட்டி.”

“யாருக்கும்மா?”

“லேப்டாப்புக்கு லா ஆன்ட்டி.” சிரிக்கவே இல்லை. நான் கேட்டதுதான் தப்பு.

புதிதாக ஒன்று போட்டுக் கொடு என்றேன். அது அவ்வளவு சுலபமா என்ன? நாலைந்து பச்சைத் துண்டுகளை எடுத்து மேசையில் பரப்பிவிட்டாள். நீளமாக இருப்பது மேசைக் கணினிக்கு. அதில் பாதி நீளம் உள்ளது லேப்டாப்புக்கு. அதிலும் டிடிஆர் த்ரீ, ஃபோர், ஃபைவ் என்று தலைமுறைகள். ஒவ்வொன்றின் அடி விளிம்பிலும் ஒரு சின்ன வெட்டு. தலைமுறைக்குத் தலைமுறை அந்த வெட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்திருக்கிறார்கள்.

“ஒங்களுது த்ரீ. ஃபோர வச்சா வெட்டு இடிக்கும். ஃபோர்ஸ் பண்ணா ஒடஞ்சிடும்.”

“பழசுக்கும் புதுசுக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்?”

“புதுசுல வேகம் கூட ஆன்ட்டி. கரண்ட் கம்மியா இழுக்கும்.”

நான் அதற்கு நேர்மாறு. வருஷத்துக்கு வருஷம் வேகம் குறைகிறது, கரண்ட் அதிகமாக இழுக்கிறது.

“இருங்க, வாங்குறதுக்கு முன்னால ஒண்ணு பாத்துடுவோம்” என்றாள். என் லேப்டாப்பின் அடிவயிற்றைத் திறந்து மெமரித் துண்டைக் கழற்றினாள். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பொருளை எடுத்தாள். பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் அழிப்பான்! தங்க நிற விளிம்பில் நாலு தேய்... ஊதிவிட்டு மாட்டினாள். லேப்டாப் எழுந்துவிட்டது.

“இத யாருகிட்ட கத்துக்கிட்ட?”

“யூடியூப்.”

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யூடியூப் இல்லை. மல்லிகா என்ற பெண். அப்போது எனக்காக அவள் கொடுத்த விலை இருக்கிறதே... அதை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. வாரா வாரம் ஊர்க் கதையெல்லாம் உங்களிடம் அளக்கிறவள், இதை மட்டும் மறைத்துவிட்டேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் கணினி வகுப்பு. வகுப்பு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எட்டு மாணவிகள், ஒரே ஒரு கணினி, நான் ஒரு டீச்சர். நடத்தியவரை எல்லாரும் மாஸ்டர் என்போம். பழைய தட்டச்சு வகுப்பை விற்றுவிட்டு அந்தக் கணினியை வாங்கியவர். அதைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரிதான் பார்ப்பார். வகுப்பு முடிந்ததும் அதற்குப் பூப்போட்ட உறைகூட உண்டு, அவர் மனைவி தைத்தது.

மாணவிகள் அத்தனை பேரும் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள். மல்லிகாவின் அப்பா பெருமாள் அண்ணன், தோட்டத்திலிருந்து ஆலைக்குக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். மல்லிகா வகுப்பிலேயே கெட்டிக்காரி. ராவாங்கில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் அவளுக்கு வேலை கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. மாசக் கடைசிக்குள் கணினி சர்ட்டிபிகேட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். இல்லையென்றால் அம்மாவோடு சேர்ந்து உதிர்ந்த பழம் பொறுக்கப் போக வேண்டியதுதான்.

சர்ட்டிபிகேட்டுக்கான பரீட்சை ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை ஆயுத பூஜை.

மாஸ்டர் பூஜைக்குக் குடும்பத்தோடு கோலசிலாங்கூர் போய்விட்டார். போகும்போது என்னிடம் தெளிவாகச் சொன்னார்: “மேல ஒரு பொட்டு வச்சி, சூடம் காட்டிடு. ஸ்க்ரூவுல மட்டும் கைய வைக்காத. தொறந்தா வாரண்டி போயிடும்.”

நான் கேட்டேனா?

எங்கள் அப்பா தோட்டத்து டிராக்டர் ஓட்டினவர். ஆயுத பூஜையன்று டிராக்டரைக் கழுவி, மாலை போட்டு, முதலில் பானெட்டைத் திறப்பார். எஞ்சினுக்குப் பொட்டு வைத்த பிறகுதான் வெளியே. எல்லாத் தோட்டத்திலும் லோரிக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஓடுறது எஞ்சின், தகரத்துக்குப் பொட்டு வைத்து என்ன பிரயோசனம் என்பார் அப்பா. அவர் தவறி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷம் பொட்டு வைக்க வேண்டிய எஞ்சின் என் கையில் இருந்தது. அவர் ஞாபகம் வந்துவிட்டது... அவ்வளவுதான்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். மல்லிகா சந்தனத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

“உள்ள எதுக்கு டீச்சர்? வெளிய வச்சா போதும்.”

“நீ லோரிக்காரர் மகதானே? ஒனக்குத் தெரியாதா?” என்று அவள் வாயை அடைத்தேன்.

உள்ளே எது எஞ்சின்? எனக்கு வேர்ட் பிராசசர் சொல்லிக்கொடுக்கத் தெரியும், டாஸ் கட்டளைகள் தெரியும். மூடியைத் திறந்தது அன்றுதான் முதல் தடவை. ஒரு மூலையில் நாலு பச்சைத் துண்டுகள் வரிசையாக நின்றன. கணினியைக் கொண்டுவந்து வைத்த கம்பெனிக்காரர், இதுதான் மெமரி, இது இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று படம் காட்டி விளக்கியது நினைவுக்கு வந்தது. சரி, எஞ்சின் கிடைத்துவிட்டது! முன்னால் நின்ற துண்டில் கறுப்புக் கறுப்பாக ஒன்பது சில்லுகள். நவக்கிரகம் மாதிரி ஒன்பது. விடுவேனா? ஒன்பதுக்கும் சந்தனம், ஒன்பதுக்கும் குங்குமம். மாவிலையால் மஞ்சள் தண்ணீரும் தெளித்தேன். பின்னால் ஒளிந்திருந்த மூன்று துண்டுகளும் பிழைத்தன.

ஆயுத பூஜையன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது இல்லையா? மூடியைப் போட்டு, சூடம் காட்டி, வீட்டுக்குப் போய்விட்டேன். சந்தனம் நிதானமாக வழிந்து, இடுக்கெல்லாம் இறங்கி, ராத்திரி முழுக்கக் காய்ந்தது.

வெள்ளிக்கிழமை விஜயதசமி. மாஸ்டர் குளித்து, திருநீறு பூசி, பிள்ளைகள் சூழ்ந்து நிற்கக் கணினியை முடுக்கினார். கீங்... கீங்... கீங்... திரை கறுப்பு.

மறுபடியும் முடுக்கினார். மறுபடியும் அதே கத்தல். கணினியைச் சுற்றி வந்தவர், பின்பக்க ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். அங்கே ஒரு சந்தன விரல் ரேகை. என்னுடையதுதான்.

“யாரு தொறந்தது இத?”

வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்தி. அம்மா, படிக்கிற தம்பி தங்கை இரண்டு பேர். வாயைத் திறந்தால் வேலை போகும். ஒரு நொடி... இரண்டு நொடி...

“நான்தான் மாஸ்டர்.”

மல்லிகா.

நான் அப்போதாவது பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாஸ்டர் உடனே கம்பெனிக்குப் போன் போட்டார். கம்பெனி ஆள் அடுத்த புதன்கிழமைதான் வருவாராம். “திங்கட்கிழமை காலையில மெஷின் ஓடலன்னா நீ இந்தப் படி ஏறக்கூடாது. நாளைக்கு ஒங்கப்பாவ வரச் சொல்லு” என்றார். மற்ற பிள்ளைகளுக்குப் பரீட்சை தள்ளிப்போகும், அவ்வளவுதான். மல்லிகாவுக்கு வேலையே போகும்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கோலாலம்பூருக்குப் போனேன். புது மெமரி வாங்கி மாட்டிவிடுவது என் திட்டம். கையில் இருந்தது தம்பியின் பள்ளிச் செலவுக்கு வைத்திருந்த பணம். மேல்மாடியில் இருந்த ஒரு சின்னக் கடையின் முதலாளி, சீனத் தவுக்கே, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டார். கால் உள்ளதா, கால் இல்லாததா?

மெமரிக்குக் காலா? விழித்தேன். நல்ல மனிதர், மூன்று வகையை எடுத்துக் காட்டினார்.

முதலாவது, தனித்தனிச் சில்லு. இரண்டு பக்கமும் மரவட்டைக்கு இருப்பது போலக் கால்கள். பழைய கணினிகளில் இவற்றை ஒவ்வொன்றாகப் பலகையில் குத்துவார்கள். ஒரு கால் வளைந்தால் போச்சு. இரண்டாவது, சில்லுகளைச் சேர்த்து ஒரு சிறு அட்டையில் பதித்து, அடியில் சீப்புப் பல் மாதிரி முப்பது ஊசிகள் வைத்தது. மூன்றாவதிலும் அதே சில்லுகள், அதே அட்டை. ஆனால் ஊசி கிடையாது. விளிம்பில் தங்க நிறக் கோடுகள் மட்டும். சாய்த்து வைத்து நிமிர்த்தினால் கிளிப்பில் உட்கார்ந்துகொள்ளும்.

ஏன் ஒன்பது சில்லு என்று கேட்டேன். ஒன்பது பொட்டு வைத்தவளாயிற்றே! எட்டுத்தான் வேலை செய்யுமாம். ஒன்பதாவது, மற்ற எட்டும் ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்குமாம். அட, நம்ம தோட்டத்து மண்டோர்! ஆனால் தப்பு நடந்தால் கத்தி வேலையை நிறுத்தத்தான் அதற்குத் தெரியும், திருத்தத் தெரியாது. எனக்குள்ளும் அன்றைக்கு அப்படி ஒன்று கத்திக்கொண்டுதான் இருந்தது.

“உங்களுடையது எது?” என்றார் தவுக்கே. பொட்டு வைக்கும்போது காலையா பார்த்தேன்? நிற்கிறது என்றால் கால் இருக்கும்தானே என்று கணக்குப் போட்டேன். ஜோடியாகத்தான் போட வேண்டும் என்றார். ஊசி வைத்ததில் இரண்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பத்தாங் பெர்ஜுந்தாய் வந்து சேர்ந்தபோது சாயங்காலம். மாடிப்படி ஏறுகிறேன், மேலே பேச்சுக் குரல். பெருமாள் அண்ணன். வேலைக்குப் போட்ட காக்கிச் சட்டையோடு, கை கட்டி, மாஸ்டர் முன்னால் நின்றிருந்தார். காலடியில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“மன்னிச்சிருங்க மாஸ்டர். எங்களுக்கு எஞ்சினுக்குப் பொட்டு வைக்கிற பழக்கம். புள்ள சின்ன வயசுலேர்ந்து என் லோரியில அதத்தான் பாத்துருக்கு. தப்பு எம்மேலதான்.”

“லோரியும் கம்ப்யூட்டரும் ஒண்ணாய்யா?”

“தெரியாமப் பண்ணது மாஸ்டர். பரீட்ச மட்டும் எழுத விட்டுருங்க.”

மாஸ்டர் இன்னும் என்னென்னவோ சொன்னார். எழுத எனக்கு மனசில்லை. பாதிப் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். என் அப்பா வயசு அவருக்கு. நான் செய்ததற்கு அவர் கை கட்டி நிற்கிறார். பெருமாள் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு கோபம் வேண்டுமே, கிடையாது.

“வாங்க டீச்சர். களச்சிப் போயி வந்துருக்கீங்க” என்று வழிவிட்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கு அந்தப் படியிலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அந்த மாதிரி நேரத்தில் பூமி பிளப்பதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாஸ்டரிடம் சாவி வாங்கி, நானும் மல்லிகாவும் மூடியைத் திறந்தோம். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. எங்களுடையது கால் இல்லாதது. நான் வாங்கி வந்த ஊசி வைத்த துண்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் அங்கே இடமில்லை. இன்றைக்குக் கடை கிடையாது, நாளைக்குப் பரீட்சை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

“ஏன்டி அப்படிச் சொன்ன?” அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

“நான் போனா ஒரு ஸ்டூடண்ட்தான் டீச்சர். நீங்க போனா கிளாஸே இல்ல. மத்த ஏழு பேருக்கு யாரு சொல்லிக் குடுப்பா?” இதைச் சொல்லிக்கொண்டே பழைய துண்டைக் கிளிப்பிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தாள். தங்கக் கோடுகளின் மேல் சந்தனம் பத்துப் போட்ட மாதிரி காய்ந்திருந்தது.

துணியால் துடைத்தோம். மஞ்சள் கறை போகவில்லை. தண்ணீர் விடப் பயம். மல்லிகா தன் பையைத் துழாவினாள். பென்சில் அழிப்பானை எடுத்தாள்.

“கறதான டீச்சர்? அழிச்சிப் பாப்போம்.”

முப்பது கோட்டையும் ஒவ்வொன்றாக அழித்தாள். பால்மரத் தோட்டத்தில் பிறந்தவள் நான், ரப்பருக்கு இப்படி ஓர் உபயோகம் இருப்பது எனக்குத் தெரியாது. துண்டு நிற்கும் பள்ளத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நான் சுரண்டினேன். மறுபடியும் சாய்த்து வைத்து நிமிர்த்தினோம். டக்.

முடுக்கினேன். கத்தல் இல்லை. திரையில் ஓர் எண் தோன்றி ஏறத் தொடங்கியது. கணினி தன் மெமரியைத் தானே எண்ணிப் பார்க்கிறது. இருநூற்று ஐம்பத்தாறு... ஐந்நூற்றுப் பன்னிரண்டு... அறுநூற்று நாற்பது... நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பார்த்தோம். முழுக் கணக்கும் ஏறி நின்றது.

திங்கட்கிழமை மல்லிகாதான் முதலில் பரீட்சை எழுதினாள். தேறினாள். ராவாங் வேலைக்கும் போனாள். எல்லாம் சுபம். ஒன்றைத் தவிர... நான் கடைசி வரைக்கும் மாஸ்டரிடம் உண்மையைச் சொல்லவில்லை. பெருமாள் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம், தீபாவளிக்கு என்று தள்ளிப் போட்டேன். வருஷங்கள் போய்விட்டன. மாஸ்டரும் போய்விட்டார்.

கணினி மெமரியில் ஒரு வசதி உண்டு. கரண்டை நிறுத்தினால் அத்தனையும் மறந்துவிடும். மனுஷிக்கு அப்படி ஒரு சுவிட்ச் இருந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ராவாங் கடையில் அந்தப் பெண் அழிப்பானை எடுத்த அன்று வீட்டுக்கு வந்ததும் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்தேன். மல்லிகாவின் தம்பி மகளுக்குக் கல்யாணம். கோலசிலாங்கூரில், மறுநாளே. எப்போதும் போல ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். போனேன்.

மண்டப வாசலில் மல்லிகாவே நின்றாள். தலை நரைத்திருக்கிறது, நடை மட்டும் அதே வேகம். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாளாம்.

“ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும் மல்லிகா.”

“மொதல்ல சாப்புடுங்க டீச்சர்.”

சாப்பிட்டு முடித்து, ஒரு மூலையில் அவளை உட்கார வைத்து, எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த இரண்டு நொடி, மாடிப்படி, வாழைப்பழம்... “ஒங்கப்பா இருந்தா இன்னைக்கு அவரு கால்ல விழுந்துருப்பேன். அவரு போயி ஆறு வருஷம் ஆச்சாமே. அவருக்கு உண்ம தெரியாமயே போயிட்டாரே.”

மல்லிகா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“அப்பாவுக்குத் தெரியுமே டீச்சர். வெள்ளிக்கிழம சாயங்காலமே வீட்டுல சொல்லிட்டேன். நான் வைக்கல, டீச்சர்தான் வச்சாங்கன்னு.”

“தெரிஞ்சா வந்து நின்னாரு?”

“‘அந்தப் புள்ளைக்கு அப்பா இல்ல. இருந்தா அவரு வந்து நின்னுருப்பாரு. நான் போயி நிக்கிறேன்’னாரு.”

அழுதேன். கல்யாண வீட்டில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். மல்லிகா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தாள். வரவேற்பு மேசையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. விரலால் தொட்டு, என் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள்.

“வெளிய வச்சா போதும் டீச்சர்.”